ஸ்மோக்கி மலையில் இலையுதிர்கால நிறம் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தேதியில் போனால் இலைகளின் நிறம் நன்றாக இருக்கும்?" என்பதுதான். ஆனால் தேதியைவிட உயரம்தான் முக்கியம். பூங்காவின் தாழ்ந்த இடம் 875 அடி, உச்சி 6,643 அடி. மேலே குளிர் முதலில் வருவதால் நிறமும் அங்கே தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகக் கீழே இறங்கும்.

படி 1: விடுமுறையை வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்

செப்டம்பர் நடுவில் லீவு கிடைத்தால் மேல் சரிவுகளுக்குப் போங்கள், அங்கே பிர்ச், பீச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை என்றால் நடுச்சரிவும் அடிவாரமும்தான். சுகர் மேப்பிள், ஸ்கார்லெட் ஓக், ஸ்வீட்கம், ஹிக்கரி என்று பெரிய கூட்டமே நிறம் மாறும் நேரம் அது. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருப்பது, பச்சையம் குறைந்ததும் வெளியே தெரியும். சிவப்பு அப்படியில்லை, அந்தச் சமயத்தில்தான் இலை அதைத் தயாரிக்கிறது, அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் வேண்டும். அதனால்தான் சில வருடம் சிவப்பு ஜொலிக்கும், சில வருடம் மங்கிப்போகும்.

உச்சியான குவோஹியைச் சுற்றி (2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்று பெயர்) ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள்தான், அவை பச்சையாகவே இருக்கும். அங்கிருந்து கீழே பார்க்க வேண்டும்.

படி 2: பார்க்கிங் டேக்

நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் டேக் வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40.

படி 3: நியூஃபவுண்ட் கேப் சாலையைப் பிடியுங்கள்

கேட்லின்பர்க் ஊரிலிருந்து செரோக்கி ஊர் வரை மலையைக் கடக்கும் இந்தச் சாலை 5,046 அடி வரை ஏறி மறுபக்கம் இறங்குகிறது, அதனால் எங்காவது ஓர் உயரத்தில் நிறம் மாட்டாமல் போகாது. நிறம் எங்கே அடர்த்தியாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள், ஆனால் நடுரோட்டில் வேண்டாம், ஓரமாக ஒதுங்கும் இடங்கள் நிறைய உண்டு. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே நல்ல குளிர் இருக்கும், ஜாக்கெட் அவசியம்.

கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கும் பிரபலம்தான், ஆனால் அங்கே 11 மைல் ஒருவழிப் பாதை; அக்டோபர் சனி ஞாயிறுகளில் முன்னால் ஒருவர் கரடியைப் பார்த்து பிரேக் போட்டால் பின்னால் மொத்த வரிசையும் நின்றுவிடும். முதல்முறை என்றால் நான் அதை வார நாளுக்கு ஒதுக்கிவைப்பேன்.

படி 4: வெளிச்சம்

காலையிலும் மாலையிலும் வெயில் இலைக்குப் பின்னாலிருந்து விழும்படி நில்லுங்கள், நிறம் அப்படியே எரியும். மேகமூட்டம் என்றால் சோர்ந்துபோக வேண்டாம், காட்டுக்குள் நடக்க அதுதான் நல்ல நாள், கண்கூச்சம் இல்லாமல் சிவப்பு அழுத்தமாகத் தெரியும். சூரிய அஸ்தமனத்துக்கு, அதே நியூஃபவுண்ட் கேப் சாலையில் இருக்கும் மார்ட்டன் ஓவர்லுக் என்ற காட்சிமுனை. இடம் சின்னது, சீக்கிரமே போய்விடுங்கள்.

அப்புறம் கரடி, எல்க் மான் எதிரே வந்தால் 50 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது, அது சட்டம். படம் வேண்டுமென்றால் ஜூம் செய்துகொள்ளுங்கள்.