சோதனைச் சாவடிக் கொலைக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் நீதி கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோதனைச் சாவடியில் படையினர் சுட்டதில் உறவினரை இழந்தவர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடும்போது, சுட்டவரைத் தண்டிக்கும் இடமாக அதைக் கருதிவிடுகிறார்கள். மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள அந்த நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியது அரசு மட்டுமே. ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையில் உயிர்வாழும் உரிமையைக் காக்கும் 2ஆம் பிரிவின்கீழ் அங்கே இரண்டு கேள்விகள் தனித்தனியே எழும்: சுட்டது முற்றிலும் இன்றியமையாததா, அந்தச் சாவை அரசு முறையாக விசாரித்ததா. குடும்பத்தார் முதற்கேள்வியிலேயே மனத்தைச் செலுத்துவது இயல்புதான் என்றாலும், இரண்டாவதை மனுவில் ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது பெருந்தவறு.

ஈராக்கியத் தந்தை ஒருவர் நெதர்லாந்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. 2004 ஏப்ரல் 21 அதிகாலையில், ஈராக்கின் அல்-முதன்னா மாகாணத்தில் ருமைதா நகருக்கு வடக்கே இருந்த ஒரு சாவடியை நோக்கி முதலில் ஒரு கார் வந்தது. அதிலிருந்தவர்கள் சுட்டுவிட்டுத் தப்பினர். சிறிது நேரத்தில் இன்னொரு கார் வேகமாக வந்து தடுப்பில் மோதியபோது, முதல் தாக்குதலை விசாரிக்க வந்திருந்த டச்சு (நெதர்லாந்துப் படை) அதிகாரி 28 குண்டுகள் சுட்டார். காரில் பயணித்த இளைஞர், அந்தத் தந்தையின் மகன், இறந்தார். தாக்குதல் நடந்து முடிந்த அந்தச் சூழலில் சுட்டது தவறு என்று நிறுவுவது கடினம். தந்தையோ விசாரணையின் குறைகளையே முன்வைத்தார். ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் மிக உயர்ந்த அமர்வான, 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு, 2014 நவம்பர் 20 அன்று, விசாரணைக் கடமையை நெதர்லாந்து மீறியதாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு பட்டியலிட்ட குறைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுட்ட அதிகாரி ஆறு மணி நேரத்துக்கும் மேலான பிறகே விசாரிக்கப்பட்டார். அதுவரை அவர் மற்றவர்களுடன் பேசாதிருக்க எந்த ஏற்பாடும் இல்லை. பிரேதப் பரிசோதனையின்போது டச்சுத் தரப்பில் எவரும் இருக்கவில்லை. அறிக்கை மிகச் சுருக்கமாக இருந்தது. உடலிலிருந்து எடுத்த உலோகத் துண்டுகள் பாக்தாதுக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்தன. சாவடியில் இருந்த ஈராக்கியக் காவலர்களில் யார் யார் சுட்டார்கள் என்ற பட்டியல் நெதர்லாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே வழக்கறிஞர் கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் குடும்பம் தன் வழக்கின் முக்கியப் பகுதியை முதல் வாரங்களிலேயே இழந்துவிடக்கூடும். பரிசோதனை அறிக்கை, படங்கள், குண்டுத் துண்டுகள், காரின் நிலை, உடன் பயணித்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்க வேண்டும். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். கேட்டதும் மறுக்கப்பட்டதும் பின்னாளில் அவர்களுக்கே சான்றாகும்.

எந்த அரசின் மீது புகார் என்பதில் அவசரப்படுவதும் ஆபத்து. ஈராக்கில் பொறுப்பு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்குமே உரியது என்று நெதர்லாந்து வாதிட்டது. அந்தச் சாவடி வழியே செல்வோர் மீது டச்சுப் படையே கட்டுப்பாடு செலுத்தியது என்று கூறி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மால்டோவாவில் அமைதிப் படையின் சாவடியொன்றில் 2012 புத்தாண்டு நாளில் ரஷ்ய வீரர் சுட்டு ஓர் இளைஞர் இறந்தபோது, பெற்றோர் தங்கள் மனுவில் மால்டோவா, ரஷ்யா இரண்டையும் குறிப்பிட்டனர். 2015இல் ரஷ்யா பொறுப்பு எனத் தீர்ப்பு வந்தது. ஐயமிருந்தால் இரண்டு அரசுகளையும் தொடக்கத்திலேயே குறிப்பிடுவதே பாதுகாப்பு. மறுபுறம், உடன்படிக்கையில் சேராத நாட்டின் மீது அங்கே மனுவே செய்ய முடியாது. 2005 மார்ச்சில் பாக்தாத் விமான நிலையச் சாலையில் அமெரிக்கப் படையினர் சுட்டு இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி இறந்தார். ஆனால் உடன்படிக்கையில் இல்லாத அமெரிக்கா ஸ்ட்ராஸ்பூர்க்கில் எதிர்த்தரப்பாக முடியாது. ரஷ்யாவும் 2022 செப்டம்பர் 16 முதல் உடன்படிக்கையின் உறுப்பு நாடு அல்ல. அதற்கு முன் நடந்தவை குறித்த புகார்களே செல்லும்.

காலக்கெடுவில் இரக்கம் எதிர்பார்க்க வேண்டாம். உள்நாட்டு இறுதி முடிவுக்குப் பின் மனு செய்ய ஆறு மாதமாக இருந்த கெடு 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு மாதமாகக் குறைந்துவிட்டது. ஈராக்கியத் தந்தையின் வழக்கில் உள்நாட்டு இறுதி முடிவு 2008 ஏப்ரல் 7 அன்றும், ஸ்ட்ராஸ்பூர்க் மனு அக்டோபர் 6 அன்றும் பதிவாகியுள்ளன. இன்றைய விதியில் அந்த மனு வாசலிலேயே நின்றிருக்கும். பயன் தராது என்று தெரிந்த மேல்முறையீட்டைத் தொடர்ந்தாலும் கெடு நீளாது. விசாரணை முடங்கிக் கிடப்பது வெளிப்படையாகத் தெரிந்தும் குடும்பம் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தால், இறுதி முடிவே வரவில்லை என்ற வாதமும் எடுபடாமல் போகலாம். நீதிமன்றத்தின் படிவத்தை முழுமையாக நிரப்பி, ஆவணங்களுடன் அஞ்சலில் அனுப்பினால்தான் கடிகாரம் நிற்கும். உணர்ச்சி ததும்பும் நீண்ட கடிதம் அதை நிறுத்தாது.

உள்நாட்டு நீதிமன்றங்களில் எழுப்பாத புகாரை ஸ்ட்ராஸ்பூர்க்கில் முதன்முறையாக எழுப்புவதும் பலிக்காது. உடன்படிக்கையின் பிரிவு எண்ணைச் சொல்லாவிட்டாலும், உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது, விசாரணை போதவில்லை என்ற சாரத்தையாவது உள்நாட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு கதவுகளையும் தட்டிப் பார்க்கலாம் என்று அதே விவகாரத்தை ஐ.நா. மனித உரிமைக் குழுவிடமும் கொண்டுசென்றால், ஸ்ட்ராஸ்பூர்க் மனு அந்தக் காரணத்தாலேயே தள்ளுபடியாகலாம். எனவே எங்கே செல்வது என்பதை முதலிலேயே முடிவுசெய்வது நல்லது.

இழப்பீட்டை மனுவில் ஒரு தொகையாக எழுதிவிட்டால் போதும் என்ற எண்ணமும் தவறு. மனு அரசுக்கு அனுப்பப்பட்ட பின், குறிக்கப்பட்ட தவணைக்குள், செலவு ரசீதுகளுடன் தனியாகக் கோர வேண்டும். கோராவிட்டால் வென்றாலும் பொதுவாகத் தொகை கிடைக்காது. கிடைப்பதும் பெருந்தொகையல்ல: ஈராக்கியத் தந்தைக்கு மன வேதனைக்காக 25,000 யூரோ வழங்கப்பட்டது. தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்ததென்று ஒதுங்கிவிடவும் கூடாது. அதன் நிறைவேற்றத்தை இந்த நீதிமன்றம் சேர்ந்த அமைப்பான ஐரோப்பியப் பேரவையின் அமைச்சர்கள் குழு மேற்பார்வையிடுகிறது. தொகை வரவில்லை என்றாலோ, விசாரணை மீண்டும் திறக்கப்பட வேண்டும் என்றாலோ, குடும்பத்தார் அந்தக் குழுவுக்கு நேரடியாக எழுதலாம்.