ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் வயதைச் சுவரைப் பார்த்துக் கணிப்பது எப்படி?

முதலில், முகப்பை நம்பாதீர்கள். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில், கையில் காசு சேர்ந்த வாரிசு முதலில் மாற்றுவது அதைத்தான். ஹாம்ப்ஷயரில் உள்ள 'தி வைன்' மாளிகையின் தூண் முகப்பு 1650களில் ஜான் வெப் வடிவமைத்தது. பின்னால் நிற்கும் வீடு டியூடர் (1485–1603) காலத்தது. சோமர்செட்டின் மான்டக்யூட்டில் கதை தலைகீழ். அதன் மேற்கு முகப்பின் கல்வேலை வீட்டைவிட மூத்தது, ஆனால் வேறொரு மாளிகையிலிருந்து 1780களில்தான் வந்து சேர்ந்தது.

அதனால் சமையல்கட்டு, குதிரை லாயம் இருக்கும் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். செலவு செய்து புதுப்பிக்க யாருக்கும் மனம் வராத இடம் அது.

செங்கல் சுவரானால் அடுக்கைப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்க நீளப் பக்கம், அடுத்த வரிசை முழுக்கக் குட்டையான தலைப்பக்கம் என்றால் பழைய முறை. ஒரே வரிசையில் இரண்டும் மாறி மாறி வந்தால் 1630களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கியூ அரண்மனை (1631) அதற்கு ஆரம்பகால உதாரணம். பிறகு நான்கு வரிசைகளின் உயரத்தைச் சாந்தோடு சேர்த்து அளந்து நான்கால் வகுங்கள். ஒற்றைக் கல்லை அளந்தால் ஏமாறுவீர்கள், கையால் வார்த்த கல் ஒன்றுபோல் ஒன்று இராது. டியூடர் கல்லின் தடிமன், சாந்தைச் சேர்க்காமல், சுமார் 2 அங்குலம். 1784இல் எண்ணிக்கைக்கு வரி வந்ததும் சிலர் கல்லைப் பெரிதாக்கினார்கள். 1803இல் 150 கன அங்குலத்தைத் தாண்டிய கல்லுக்கு இரட்டை வரி விழுந்தது.

அதிகம் பேசுவது ஜன்னல்தான். மேலும் கீழும் தள்ளும் சாஷ் ஜன்னலில் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள சட்டம் தடித்திருந்தால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அரை அங்குலம் அளவுக்கு மெலிந்திருந்தால் அந்த நூற்றாண்டின் கடைசி அல்லது அதற்குப் பின். மேல் சட்டகத்தின் அடிமூலைகளில் சிறு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் விக்டோரியா காலம் (1837–1901): கனமான பெரிய கண்ணாடியைத் தாங்க மூட்டுக்குக் கூடுதல் மரம் தேவைப்பட்டது. ஆனால் இதெல்லாம் ஜன்னலின் வயது, சுவரின் வயதல்ல.

உயரத்தையும் ஒப்பிடுங்கள். ஹார்ட்விக் மாளிகையில் (1590–97) மிக உயரமான ஜன்னல்கள் மேல்தளத்தில் இருக்கின்றன, விருந்தினரை வரவேற்கும் பெரிய அறைகள் அங்கே என்பதால். ஜார்ஜியன் (1714–1830) வீட்டிலோ உச்சித்தள ஜன்னல்கள்தாம் குட்டை.

அடைத்த ஜன்னலைக் கண்டதும், ஜன்னல் எண்ணிக்கைக்கு விதித்த 'ஜன்னல் வரி'யைத் (1696–1851) தவிர்க்க அடைத்தது என்று முடிவு கட்டுவது வழிகாட்டிகளுக்குப் பிடித்த பழக்கம். நேர் மேலே புகைபோக்கி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், சுவருக்குள் புகைக்குழாய் ஓடும் அந்த இடத்தில், இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலேயே கட்டிய பொய் ஜன்னலாக இருக்கலாம். அடைப்புக் கற்கள் ஓரச் சுவருக்குள் பின்னிப்போயிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஓரத்தில் மூட்டு நேர்கோடாக இறங்கினால் பிற்பாடு அடைத்தது.

கூரை நீரைக் குழாய்க்குள் இறக்கும் ஈய மழைநீர்ப் பெட்டியில் ஆண்டு பொறித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது குழாய் போட்ட ஆண்டு மட்டுமாகவும் இருக்கலாம். கணித்த பிறகு, பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இலவச இணையப் பட்டியலோடு ஒப்பிடலாம். பழைய பதிவுகள் சில மிகச் சுருக்கமானவை. பின்பக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இராது.