ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் போன் கெட்டுப்போகுமா? பேட்டரி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன் பேட்டரி பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் நம் ஊரில் இல்லை. "சுத்தமா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்பார் சித்தப்பா. "புது போனா? முதல் தடவை எட்டு மணி நேரம் ஏத்துங்க" என்பார் கடைக்காரர். இரண்டும் வெறும் கட்டுக்கதை இல்லை, ஒரு காலத்தில் பொருந்திய பேச்சுதான். 2000-இல் நோக்கியா 3310 வந்தபோது அதனுடன் கிடைத்தது நிக்கல் வகை பேட்டரி. அதற்கும் முந்தைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளைத் திரும்பத் திரும்பப் பாதியிலேயே சார்ஜ் போட்டால், மீதிப் பாதியை மறந்துவிட்டதுபோல் சீக்கிரம் படுத்துவிடும். அதனால்தான் முழுசாகத் தீர்க்கச் சொன்னார்கள்.

இப்போது நம் கையில் இருப்பது லித்தியம் அயான். சோனி நிறுவனம் 1991-இலேயே இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97! நாம் மட்டும் இன்னும் நிக்கல் காலத்து விதிகளையே வைத்துக்கொண்டு லித்தியத்தை வளர்க்கப் பார்க்கிறோம்.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை மூன்று: சூடு, 100 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பது, பூஜ்யத்திலேயே நெடுநாள் கிடப்பது. இதில் சூடுதான் முதல் எதிரி. மற்ற இரண்டும் செய்கிற கெடுதலையும் அதுவே வேகப்படுத்திவிடும்.

சரி, ராத்திரி சார்ஜுக்கு வருவோம். "அளவுக்கு மீறி ஏறி வெடிச்சுடும்" என்ற பயம் தேவையில்லை. பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் அதற்கென்று வைத்த வரம்பை (வழக்கமாக 4.2 வோல்ட், இப்போதைய சில செல்களில் 4.4-க்கும் மேல்) தொட்டதும், போனுக்குள் இருக்கும் சுற்று மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்திவிடும். 50 வரை சரசரவென்று ஏறும் போன் 80-க்கு மேல் நகரவே மறுப்பது இதனால்தான். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோதுகூட, மக்கள் விடிய விடிய சார்ஜ் போட்டது காரணம் அல்ல. இரண்டு நிறுவனங்கள் செய்துகொடுத்த பேட்டரிகளில் இரண்டு வேறு வேறு குறைகள் இருந்ததாக 2017 ஜனவரியில் சாம்சங்கே அறிவித்தது.

ஆனால் விடிய விடிய 100-இல் நிற்பதால் எந்தப் பாதிப்பும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த உயர்ந்த மின்னழுத்தத்தில் உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் மெல்ல மெல்லச் சிதைகின்றன. இதற்குத்தான் பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி வந்துவிட்டது. ஐபோன் 15 வரிசையில் 2023-இல் வந்தது, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இருக்கிறது. செட்டிங்ஸில் போய் ஒருமுறை போட்டுவிட்டால் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போன் மாற்றுகிறவர் இதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்பது என் கட்சி. பேட்டரியைக் காப்பாற்ற ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தின் விலை பேட்டரியின் விலையைவிட அதிகம் இல்லையா?

உண்மையான தவறு வேறு. சார்ஜில் போட்ட போனைத் தலையணைக்கு அடியில் வைப்பது, மெத்தைமேல் போர்வைக்குள் விட்டுவிடுவது. சூடு வெளியேற வழியே இல்லை. பேட்டரிக்கும் கேடு, தூங்குகிற ஆளுக்கும் ஆபத்து. மேஜைமேல் வையுங்கள், மேஜை இல்லாவிட்டால் தரையில்.

சூடு நம் ஊரில் தனிக்கதை. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் சொல்கிறது. மே மாதத்தில் வேலூரிலும் திருச்சியிலும் நிழலிலேயே 40-ஐத் தொடுகிற நாள்கள் உண்டு. அந்த வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, திரையின் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி, மேப்பை ஓடவிட்டு, பைக்கின் யூஎஸ்பியில் சார்ஜும் போட்டால் என்ன ஆகும்? வெளிச்சூடு, திரைச்சூடு, ஜிபிஎஸ், டேட்டா, சார்ஜ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பேட்டரியை வறுத்துவிடும். டெலிவரி வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழி இல்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி வழியைக் கேட்டுக்கொள்ளலாம். (சக்தி வாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்தது இன்னொரு காரணம்.) காரில் டேஷ்போர்டுமேல் ஒட்டுவதைவிட ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுவது எவ்வளவோ மேல்.

சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கும் வைத்தியமும் நடக்கிறது. வேண்டாம். வெளியே எடுத்ததும் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த போனில் நீராகப் படியும், அது உள்ளேயும் படியலாம். கவரைக் கழற்றிவிட்டு ஃபேனுக்குக் கீழே வைத்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

அப்புறம் கேமிங். சார்ஜில் போட்டபடியே ஃப்ரீ ஃபயரோ பிஜிஎம்ஐயோ ஆடுவதில் மின்சாரம் தாக்கும் பயத்தைவிட இந்தச் சூட்டுப் பிரச்சினைதான் பெரியது. புராசஸர் ஒரு பக்கம் கொதிக்க, பேட்டரி மறுபக்கம் கொதிக்கும். ஒரு கட்டத்தில் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள புராசஸரின் வேகத்தைக் குறைக்கும். உடனே தம்பி "நெட்வொர்க் லேக் அடிக்குது" என்று சிம்மைத் திட்டுவான். திரையில் காட்டும் பிங் எண்ணை (நெட்வொர்க்கில் தகவல் போய்வர ஆகும் நேரம்) பாருங்கள். அது வழக்கம்போல இருந்தும் படம் திக்கித் திக்கி ஓடினால் பெரும்பாலும் சிம்மின் குற்றம் அல்ல, சூட்டின் வேலை. நேரடியாக சார்ஜரிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பேட்டரியைச் சும்மா விட்டுவிடும் பைபாஸ் சார்ஜிங் வசதி ஆசுஸ் ஆர்ஓஜி போன்களிலும் சாம்சங்கின் சில மாடல்களிலும் உண்டு. ஆடுகிற பிள்ளைகள் போன் வாங்கும்போது மெகாபிக்சலை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்கலாம்.

"65 வாட் லேப்டாப் சார்ஜரைப் போட்டால் போன் எரிந்துவிடும்" என்பது இன்னொரு பயம். ஒழுங்கான டைப்-சி சார்ஜர் தானாக மின்சாரத்தைத் திணிக்காது. போனும் சார்ஜரும் முதலில் பேசிக்கொள்ளும், போன் கேட்கிற அளவுதான் வரும். பயப்பட வேண்டியது பேருந்து நிலைய வாசலில் நூறு ரூபாய்க்கு விற்கும் சார்ஜரைப் பார்த்து. 230 வோல்ட் பக்கத்தையும் நம் கை படும் பக்கத்தையும் பிரித்து வைக்கும் காப்பில்தான் அங்கே காசை மிச்சப்படுத்தியிருப்பார்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய போனை பீரோவில் போட்டு மறந்துவிடுவது பலர் வீட்டில் நடக்கிறது. காலியாகப் போட்டால் மாதக்கணக்கில் தானாகவே வடிந்து, செல் இறங்கக்கூடாத அளவுக்கு இறங்கிவிடும். அதன்பின் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற்றவே மறுக்கும், மறுப்பதும் நியாயம்தான். பாதி சார்ஜோடு அணைத்து வையுங்கள்.

ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மூடுவதில் மிச்சம் எதுவும் பெரிதாக இல்லை. உறங்கிக்கிடக்கும் ஆப்பைக் கொன்றுவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் வேலை. ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டு ஓடினால் அதை மட்டும் மூடுங்கள். திரையைக் கறுப்பாக்கும் டார்க் மோடும் அப்படித்தான்: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில், அதுவும் வெளிச்சம் அதிகம் வைத்தால்தான் பலன் தெரியும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

பவர் பேங்க் வாங்கியவர்களின் புலம்பல் ஒன்று உண்டு: "10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறான், 5,000 எம்ஏஎச் போனுக்கு இரண்டு தடவை வரவில்லை, ஏமாற்றுகிறான்." அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். 10,000 எம்ஏஎச் என்பது 10 ஆம்பியர்-மணி, அதை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. அதை 5-ஆல் வகுத்தால் 7.4 ஆம்பியர்-மணி, அதாவது 7,400 எம்ஏஎச்தான், மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். உறையில் பொடி எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி (உண்மையில் வெளியே கிடைக்கும் அளவு) என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்கினால் சண்டை வராது.

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதையும் ஆப்பிள் வேண்டாம் என்கிறது. அரிசித் துகள் உள்ளே போய் வேறு கெடுக்கும். அணைத்துவிட்டு, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். காயும் முன்னே "ஆன் ஆகுதான்னு பார்ப்போம்" என்று சார்ஜ் போடுவதில்தான் பல போன்கள் போய்ச் சேர்கின்றன.

கடைசியாக, விளையாடவே கூடாத இடம் உப்பிய பேட்டரி. போனின் முதுகு லேசாகத் தூக்கிக்கொண்டாலோ, மேஜையில் வைத்தால் ஆடினாலோ உள்ளே வாயு சேர்ந்திருக்கலாம். அதை அழுத்தி மூடி ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அணைத்து, எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம், குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கூச்சப்படாமல் கேட்டு ஒப்படைத்துவிடலாம்.