பதினான்கு புத்தகம், நான்கு டிக்: வசந்தகாலப் பட்டியலில் நாம் செய்யும் தவறுகள்

போன வசந்தத்தில் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினான்கு புத்தகங்களின் பெயரை எழுதி வைத்தேன். மார்ச் பிறக்கும் முன்பே எழுதியாகிவிட்டது. கையெழுத்துகூட அழகாக இருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வேறு. மே முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் நான்கே டிக். அதிலும் ஒன்று பட்டியலிலேயே இல்லாத புத்தகம். படித்து முடித்த பிறகு, டிக் போடும் ஆசையில் கீழே சேர்த்துக்கொண்டது.

சோம்பேறித்தனம்தான் காரணம் என்று கொஞ்ச நாள் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் நோட்டை நிதானமாகப் பார்த்தபோது கோளாறு பட்டியலிலேயே இருப்பது தெரிந்தது. ஒரு புத்தகத்துக்காகக் காத்திருக்கும் சுகம் வேறு, அதை உட்கார்ந்து படிக்கும் சுகம் வேறு. முதல் சுகத்தின் மயக்கத்தில் நாம் செய்யும் தவறுகள் இரண்டாவதைத் தின்றுவிடுகின்றன.

நேரத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை எண்ணுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும்.

பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம், கட்டுரை நூல் என்றால் நிமிடத்துக்கு 238 சொல், கதை என்றால் 260 சொல் என்கிறது அது. அதற்கு முன்பு எல்லோரும் 300 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 90,000 சொல் உள்ள ஒரு நாவலை 260 வேகத்தில் படித்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும்.

மார்ச், ஏப்ரல், மே சேர்ந்தால் 92 நாள். தினம் அரை மணி நேரம் படித்தால் 46 மணி நேரம். ஒரு நாள்கூட விடாமல் படித்தால் ஏழு நாவல். காய்ச்சல், விருந்தாளி, கண்ணை இழுக்கும் தூக்கம் எல்லாவற்றையும் கழித்தால் ஐந்து. என் பதினான்குக்கு 84 மணி நேரம் வேண்டும், அதாவது தினமும் 55 நிமிடம், விடுமுறையே இல்லாமல். ஆசை இருக்கு தாசில் பண்ண என்ற கதைதான்.

இந்த 260-ஐ அப்படியே தமிழுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல மூன்று சொல் ஆகும். சொல்லை எண்ணுவதைவிட எளிய வழி இருக்கிறது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் இருபது பக்கத்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் படியுங்கள். எனக்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. 300 பக்க நாவலுக்கு ஒன்பதரை மணி நேரம்! நினைத்துக்கொண்டிருந்ததைவிட நான் ரொம்பவே மெதுவானவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பட்டியலின் நீளம் மட்டும் பாதியாகக் குறைந்தது.

யாருமே படிக்காத புத்தகத்துக்கு நட்சத்திரம் போடுவது

‘இந்த வசந்தத்தில் எல்லோரும் எதிர்பார்க்கும் புத்தகங்கள்’ என்ற வகைப் பட்டியல்கள் வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடுகின்றன. விமர்சகர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நூலகர்களுக்கும் பதிப்பகங்கள் முன்கூட்டியே பிரதி அனுப்புவது உண்மை. ஆனால் ஐம்பது புத்தகங்கள் உள்ள ஒரு பட்டியலைப் போட்டவர் ஐம்பதையும் படித்திருப்பார் என்று நம்ப மேலே உள்ள கணக்கு இடம் தருவதில்லை. பல வரிகள் பதிப்பகத்தின் விவரக் குறிப்பிலிருந்து எடுத்தவைதான். தலைப்பே அதை நேர்மையாகச் சொல்கிறது: ‘எதிர்பார்க்கும்’ புத்தகங்கள். நாம்தான் அதை ‘நல்ல’ புத்தகங்கள் என்று வாசித்துக்கொள்கிறோம்.

படித்துவிட்டு எழுதியவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். புத்தகத்துக்கு உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு பொருள், ஒரு காட்சி, ஒரு குறை அவர் வரிகளில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ‘நடுவில் நூறு பக்கம் இழுக்கிறது, ஆனால் அந்தச் சகோதரிகளின் சண்டைக்காகவே படிக்கலாம்’ என்று எழுதியவர் படித்திருக்கிறார். ‘மனதை உலுக்கும், மறக்க முடியாத’ என்று எழுதியவர் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம்.

அட்டையில் அச்சாகும் பாராட்டு வரிகளும் இதே ரகம்தான். இந்த வழக்கம் பழையது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1856-இல் தன் கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் தனக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அவரிடம் கேட்காமலேயே, புத்தகத்தின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டார். ஆங்கிலத்தில் இந்த வரிகளைக் குறிக்கும் ‘பிளர்ப்’ என்ற சொல், 1907-இல் ஜெலட் பர்கெஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர் கிண்டலுக்காக உருவாக்கியது. அப்படிப் பிறந்த சொல் கிண்டலை உதிர்த்துவிட்டுத் தொழில் சொல்லாக நிலைத்துவிட்டது. சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் தன் முதன்மைப் பிரிவில் எழுத்தாளர்கள் இப்படிப் பாராட்டு வாங்கி வரவேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை என்று 2025-இல் அறிவித்தது. பாராட்டு எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் நண்பர்களாகவோ, ஒரே பதிப்பகத்தைச் சேர்ந்தவர்களாகவோ இருப்பது சகஜம். அதனால் அந்த வரிகளை நான் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ மாதிரிதான் படிப்பேன். மரியாதை, அவ்வளவுதான்.

முன்பதிவு, நூலக வரிசை

முன்பதிவு செய்வதில் தப்பே இல்லை. வெளியீட்டுக்கு முன் பதிவான பிரதிகள் பெரும்பாலும் முதல் வார விற்பனைக் கணக்கில் சேரும். அது எழுத்தாளருக்கு நிஜமாகவே உதவும். குறிப்பாக முதல் புத்தகம் எழுதுகிறவருக்கு. தவறு எங்கே வருகிறது என்றால், ஜனவரியில் இருக்கும் மனநிலையை நம்பி மே மாதத்துக்குப் புத்தகம் வாங்குவதில். எது எழுதினாலும் படிப்பேன் என்று நீங்கள் சொல்லக்கூடிய எழுத்தாளர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் முன்பதிவு போதும். மற்றவற்றுக்கு வெளியீடு வரை பொறுத்து, மின்நூல் கடைகள் இலவசமாகத் தரும் முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. முதலில் வருவது பெரும்பாலும் கெட்டி அட்டைப் பதிப்பு. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அதே எழுத்து, அதே பக்கம், மெல்லிய அட்டையில் குறைந்த விலைக்கு வரும். அவசரத்துக்கு நாம் கட்டும் வரி அது.

நூலகத்தில் வரிசையில் பெயர் கொடுப்பவர்கள் வேறு ஒரு குழியில் விழுவார்கள். எட்டுப் புத்தகத்துக்கு ஒரே நாளில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், இரண்டு மாதம் ஒன்றும் வராது. மூன்றாம் மாதம் ஒரே வாரத்தில் ஐந்து வந்து நிற்கும். நிறைய நூலகங்களின் மின்நூல் செயலிகளில் வரிசையில் நம் இடத்தை இழக்காமல் பிரதியைத் தள்ளிப்போடும் வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது.

தொடர் நாவலின் அடுத்த பாகம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன வருடம் நான் பட்ட அவமானம் இது. ஒரு தொடரின் மூன்றாம் பாகத்துக்காக இரண்டரை வருடம் காத்திருந்தேன். வெளியான அன்றே கைக்கு வந்துவிட்டது. போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒருத்தி சாகிறாள். வீடே அலறுகிறது, ஒருவன் கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறான். எனக்கோ அவள் யாரென்றே ஞாபகம் வரவில்லை. இழவு வீட்டுக்குப் போய், செத்தது யாரென்று பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியமாகக் கேட்கிறவன் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. நாற்பது பக்கம் வரை தாக்குப்பிடித்துவிட்டு மூடிவைத்தேன்.

எழுத்தாளர் மேல் குற்றமில்லை. அவர் இரண்டு பாகத்தில் சேர்த்துவைத்த துக்கத்தை அங்கே செலவழிக்கிறார். என்னிடம்தான் கணக்கில் இருப்பு இல்லை. முந்தைய பாகங்களை முழுக்கத் திரும்பப் படிக்க நேரம் இருக்காது, சரி. கடைசி ஐம்பது பக்கத்தையாவது படிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் கதைச் சுருக்கம் சம்பவத்தை ஞாபகப்படுத்தும், ஆனால் அந்தக் குரலை ஞாபகப்படுத்தாது. இப்போதெல்லாம் தொடர் நாவல் எதை முடித்தாலும் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதி வைக்கிறேன்: யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் யாரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், கடைசியில் எல்லோரும் எங்கே நிற்கிறார்கள். பென்சிலால்தான்.

புதுசு மட்டுமே

வசந்தம் என்பதே பதிப்பகங்களின் நாட்காட்டியில் ஒரு விற்பனைப் பருவம். சில நிறுவனங்களுக்கு அது ஜனவரியிலேயே தொடங்கிவிடும். பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் வாசகருக்கோ மார்ச் மாதம் இலையுதிர்காலம். புதுசு என்ற பரபரப்புக்கு ஆயுள் சில வாரங்கள்தான். புத்தகம் அடுத்த வசந்தத்திலும் அங்கேயேதான் இருக்கும், அப்போது அதைப் படித்து முடித்தவர்களின் பேச்சும் கூடவே கிடைக்கும். வாங்கிக் குவித்துப் படிக்காமல் விடுவதற்கு ஜப்பானியர்கள் ‘த்சுண்டோகு’ என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல் செய்துவிட்டார்கள், எனவே இது நம் தலைமுறையின் வியாதி என்று யாரும் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் போன வருடக் குவியலிலிருந்து ஒன்றையாவது இந்த வருடப் பட்டியலில் சேர்க்கலாம்.

பட்டியலை முழுக்க நிரப்பிவிடுவதும் தவறு. மொழிபெயர்ப்புகளுக்கான சர்வதேச புக்கர் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிப் பட்டியல் பெரும்பாலும் ஏப்ரலில் வருகிறது, பரிசு மே மாதம். 2016 முதல் அதன் பரிசுத்தொகை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. நேற்றுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒருவரின் புத்தகத்தைத் திடீரென்று படித்தே ஆகவேண்டும் என்று தோன்றும். அதற்கு இரண்டு வரி காலியாக இருக்கட்டும்.

பிடிக்காததைப் பிடிவாதமாக முடிப்பது

எதிர்பார்த்து வாங்கியதாலேயே நாம் சில புத்தகங்களைக் கைவிட மறுக்கிறோம். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன ஐம்பது பக்க விதி பிரபலம்: ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடு, பிடிக்கவில்லை என்றால் விடு. வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்தால் போதும். அறுபது வயதுக்காரர் நாற்பது பக்கம் படித்தால் கடமை முடிந்தது. எனக்கு இதில் ஒரே ஒரு திருத்தம் உண்டு. விடுவதற்கு முன், புத்தகம் பிடிக்கவில்லையா அல்லது இந்த வாரம் எதுவுமே பிடிக்கவில்லையா என்று கேட்டுக்கொள்வேன். இரண்டாவது என்றால் தூக்கிப்போடாமல் அலமாரியில் கண் படும் இடத்தில் வைத்துவிடுவேன்.

கதை முன்பே தெரிந்துவிடுமோ என்ற பயம் அவ்வளவு தேவையில்லை. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து சிறுகதை படித்தவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சில வேறு மாதிரியும் சொல்கின்றன. என் அனுபவத்தில், முடிவு தெரிவதைவிட அதிகம் கெடுப்பது, வாழ்நாளின் சிறந்த புத்தகம் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுவிட்டு முதல் பக்கத்தைத் திறப்பதுதான். எந்த முதல் பக்கத்தாலும் அதைத் தாங்க முடியாது.

இந்த வருட நோட்டில் ஐந்து பெயர்தான். அதில் ஒன்று நான்கு வருடமாகத் தூசி படிந்து கிடப்பது. கீழே இரண்டு வரி காலி. முதல் இடத்தில் அந்த மூன்றாம் பாகம். நேற்று ராத்திரி இரண்டாம் பாகத்தின் கடைசி ஐம்பது பக்கத்தைப் படித்தேன். செத்தது கிணற்றடியில் அழுதவனின் அக்கா. அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.