இஞ்சிக்கு உறை குத்துவது எப்படி

சிங்கப்பூரில் ஆறு வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் ஒரு சீனர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சுவார். நான் இருந்த காலத்தில் அந்த ஊரில் அது குற்றமில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல், சொந்தக் குடிக்கு மட்டும் என்று கணக்கு. என்னை அவர் கூப்பிட்டது பாட்டில் கழுவ. கழுவக் கழுவத் தொழில் பிடிபட்டது. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார். வடித்து, கசப்புக்கு ஹாப் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்கவிடுவார். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டு இரண்டு வாரம் அந்தப் பக்கமே போக மாட்டார்.

மன்னார்குடிக்குத் திரும்பி வந்து உரக்கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே அந்தக் கதை நடக்காது. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் போலீஸ் வரும். கள்ளுக்கே 1987-லிருந்து தடை. எங்கள் வீட்டில் போலீஸ் வரை போகவும் வேண்டாம், அம்மா போதும். ஆனாலும் ஒரு பாட்டிலுக்குள் ஏதோ உயிரோடு பொங்குகிறது என்கிற சந்தோஷம் பழகிவிட்டது, விடவில்லை. அதனால் இஞ்சிக்கு வந்தேன். இஞ்சியையும் சர்க்கரையையும் புளிக்கவைத்துப் பொங்கவிடும் இந்தப் பானத்துக்கு ஜிஞ்சர் பீர் என்று பெயர். பெயரில் பீர் இருப்பதால் அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்று மனைவி உத்தரவு. நாங்கள் சொல்வது இஞ்சி சோடா.

முதலில் உறை. தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றரை டம்ளர். அதில் துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. தோலைச் சீவாதீர்கள். நமக்கு வேண்டிய ஈஸ்ட் அந்தத் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண் போக அலசினால் போதும், பாத்திரம் தேய்ப்பதைப் போலத் தேய்க்க வேண்டாம். வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். பாட்டிலை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தெருவிலுள்ள எறும்பெல்லாம் உங்கள் வீட்டு விலாசத்தைத் தெரிந்துகொள்ளும்.

தினமும் அதே அளவு இஞ்சி, அதே அளவு சர்க்கரை. ஒரு கலக்கு. அரை நிமிஷ வேலைதான், ஆனால் ஒருநாள் மறந்தால் மறுநாளும் மறக்கும். நான் அதைக் காலைப் பாலோடு கட்டிவிட்டேன். பால் பொங்கும்வரை அடுப்படியில் நின்றுதானே ஆக வேண்டும்? அந்த நேரத்தில் இஞ்சிக்குச் சோறு. முதல் நாள் வெறும் இஞ்சித் தண்ணீர். இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கும். மூன்றாம் நாள் காதைப் பாட்டில் அருகே கொண்டுபோனால், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து அடங்கும்போது கடைசியில் கேட்குமே, அந்த மெல்லிய சுர்ர் கேட்கும். துருவல் மேலே எழும்பி மிதக்கும், கலக்கினால் நுரைக்கும். மணம் புளிப்பும் காரமுமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் இதற்கு ஒரு வாரம் என்று போட்டிருப்பார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. சித்திரை, வைகாசியில் எனக்கு இரண்டரை நாளில் வந்திருக்கிறது. மார்கழியில் ஐந்து நாள்.

வரவே இல்லை என்றால் இரண்டு பேரைச் சந்தேகப்படுங்கள். ஒன்று குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின். அது ஈஸ்ட்டுக்கு விஷம், அதனால்தான் கொதிக்கவைத்து ஆற்றச் சொன்னேன். இன்னொன்று இஞ்சி. பளபளவென்று கழுவிப் பதப்படுத்தி வரும் இஞ்சி சில சமயம் கல்லைப் போலக் கிடக்கும், உயிரே இருக்காது. நமக்கு வருஷத்தில் ஒரு தடவை அதிர்ஷ்டம் அடிக்கிறது: பொங்கலுக்கு மஞ்சள் கொத்தோடு இஞ்சிக் கொத்தும் மண்ணும் தழையுமாக விற்பார்களே, அதை விட்டுவிடாதீர்கள். நான் ஆரம்பித்த உறை அந்த இஞ்சிதான்.

இந்த உறைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற வெள்ளைக்காரர் ஒருவர். இலங்கையில் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராயப் போனவர். 1892-ல் ஜிஞ்சர் பீர் உறையைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது கட்டிகட்டியாக இருக்கும் வேறு வகை, ஆனால் கூட்டணி அதேதான்: ஒரு ஈஸ்ட், ஒரு பாக்டீரியா, இரண்டும் ஒன்றையொன்று அண்டிப் பிழைக்கின்றன. நான் விற்கும் மருந்து டப்பாக்களில் இலைத்துருவின் படம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷன் ஞாபகம் வருகிறார்.

இனி சோடா. சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு வந்துதான் நான் இதைத் தொடங்குவது. ஒன்பதரைக்கு மேல் அடுப்படி காலியாகிவிடும். இரண்டு லிட்டருக்குக் கணக்கு சொல்கிறேன்: இஞ்சி 120 கிராம், சர்க்கரை 200 கிராம், எலுமிச்சம்பழம் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை, வடிகட்டிய உறை முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 100 மில்லி. இஞ்சியை அம்மியில் வைத்து நசுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் சோடா கஞ்சியைப் போலக் கலங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் நசுக்கிய இஞ்சியைப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, சர்க்கரையையும் உப்பையும் கரைத்து, மூடி வையுங்கள். முன்பே காய்ச்சி ஆறவைத்த இன்னொரு லிட்டரை இதில் சேருங்கள்.

ஆறவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூட்டோடு உறையை ஊற்றினால் அது அங்கேயே செத்துப்போகும். தெர்மாமீட்டர் தேவையில்லை. பாலுக்கு உறை குத்தும்போது விரலை விட்டுப் பார்ப்பீர்களே, அந்தச் சூட்டுக்கும் கொஞ்சம் கீழே. எலுமிச்சைச் சாற்றையும் உறையையும் சேர்த்து, துணியில் வடிகட்டி, பாட்டிலில் நிரப்புங்கள். மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். எடுத்த உறைக்குப் பதிலாக ஆறிய தண்ணீர் 100 மில்லியும் ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி இஞ்சியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத் திரும்பப் போக வேண்டும்.

பாட்டில் விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள். கண்ணாடி வேண்டாம். கலர் வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. தண்ணீர் பாட்டில் இல்லை. அது காகிதத்தைப் போல மெலிசு. கவிழ்த்துப் பாருங்கள்: கலர் பாட்டிலின் அடியில் பூவிதழைப் போல ஐந்து கால் இருக்கும். அந்த ஐந்து கால் காற்றழுத்தத்தைத் தாங்கத்தான். கொதிக்கும் நீரில் இதைக் கழுவினால் சுருங்கிவிடும், இளஞ்சூட்டில் கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள்.

கண்ணாடி வேண்டாம் என்று எனக்குச் சொன்னது பரணில் நடந்த கூத்து. முதல் வருஷம் நான்கு ஸ்குவாஷ் பாட்டிலில் நிரப்பி, கண்ணில் படாத இடம் என்று பரணில் ஏற்றிவைத்தேன். பக்கத்தில் அம்மாவின் கொலுப் பொம்மைப் பெட்டி. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டமார். டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று மனைவி எழுந்து உட்கார்ந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது டமாருக்கு அம்மாவும் வந்துவிட்டார். பரணிலிருந்து இஞ்சிச் சாறு சுவரில் கோடு போட்டு இறங்கியது. அந்த நேரத்தில் யாரும் மேலே ஏறவில்லை, அது நல்லதாகப் போயிற்று; மற்ற இரண்டும் விடிவதற்குள் வெடித்தன. காலையில் பெட்டியைத் திறந்தால் கடை விரித்த செட்டியார் பொம்மை மூக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறார், அவர் கடைச் சாமான்மேல் எறும்பு வரிசை. "ஏண்டா, உங்கப்பா வாங்கின செட்டியார்டா இவர்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்தச் செட்டியாரை முன்படியில், எனக்கு நேரே வைக்கிறார்.

பிளாஸ்டிக் பாட்டிலில் உள்ள சௌகரியம், அது பேசும். மூடியதும் அமுக்கினால் உள்ளே குழியும். காலையில் அமுக்கினால் கொஞ்சம் எதிர்க்கும். காற்றடித்த சைக்கிள் டயரைப் போல விரலுக்கு அசையாமல் நின்றால் ஆயிற்று, உடனே ஃபிரிட்ஜ். கோடையில் சனி ராத்திரி பத்தரைக்கு மூடினால் ஞாயிறு மதியத்துக்குள் கல்லாகிவிடும். ஐப்பசி மழையில் இன்னொரு நாள் கேட்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பாட்டிலை அமுக்குங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது அமுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு அந்த உத்தியோகம்.

இந்த நேரத்தில் நிறுத்துவதற்கு வெடிப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் பாதி காற்று, பாதி ஆல்கஹால். மூடிய பாட்டிலில் இரண்டும் சேர்ந்தே ஏறும். பாட்டில் கல்லாகும் நேரத்தில் ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆனால் சிலர் வெடிக்குமோ என்று பயந்து, காற்றைத் திறந்து திறந்து விட்டு மூன்று நாள் வெளியில் வைப்பார்கள். காற்று போய்விடும், ஆல்கஹால் போகாது. அந்த 200 கிராம் சர்க்கரையும் தீர்ந்தால் நீங்கள் செய்தது பீர் அளவுக்கே போய்விடும், பெயரை மாற்றி என்ன பிரயோஜனம்? பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? கள்ளாகாமல் நிறுத்தத்தானே. நமக்குச் சுண்ணாம்பு ஃபிரிட்ஜ்தான். அப்படியும் துளி ஆல்கஹால் இருக்கும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் நான் கொடுப்பதில்லை. அவர்களுக்கு அதே இஞ்சித் தண்ணீரை உறை ஊற்றும் முன்பே ஒரு ஜாடியில் எடுத்துவைத்துவிடுவேன்.

ஃபிரிட்ஜ் என்றதும் இடத் தகராறு. நடுத்தட்டு இட்லி மாவுக்கு, அதில் பேச்சே இல்லை. எனக்குக் கதவின் கீழ்த்தட்டு மட்டும், நான்கு பாட்டில். பாத்திரமும் தனி: கும்பகோணத்தில் வாங்கிய நாலு லிட்டர் எவர்சில்வர் குண்டான், ஒரு வடிகட்டி, ஒரு துணி. "என்னங்க, என் மாவுக் குண்டான்ல கை வெச்சா நான் உங்க ஹார்லிக்ஸ் பாட்டில்ல வெந்நீர் ஊத்திடுவேன்" என்று ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

கரண்ட் போனாலும் ஜாக்கிரதை. நாலைந்து மணி நேரம் ஃபிரிட்ஜ் நின்றால் உறங்கிய ஈஸ்ட் எழுந்துவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. கூரை, மரம் என்று அலைந்ததில் இதன் ஞாபகமே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மகள்தான், "அப்பா, உன் பாட்டில்" என்றாள். எல்லாம் கல்லாக நின்றன. தெருவில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வாசலிலேயே ஒவ்வொன்றாக மெல்லத் திறந்து ஊற்றினேன். சில்லென்று இல்லை, ஆனாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

திறக்கும்போது சிங்க்குக்கு மேல் வைத்து, மூடியைக் கால் திருகு திருகி நிறுத்துங்கள். சீறல் அடங்கட்டும், பிறகு அடுத்த கால் திருகு. ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். அடியில் தங்கும் வெள்ளை வண்டல் ஈஸ்ட்தான், கெடுதலில்லை.

உறையின் மேல் பச்சையோ கறுப்போ பூசணம் கண்டால் யோசிக்காமல் கொட்டுங்கள். வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் நான் வழித்துப் போட்டுவிட்டு, முகர்ந்து பார்த்து, சரியாக இருந்தால் தொடர்வேன். சோடா கொழகொழத்தால் அதையும் கொட்டிவிட்டு புது உறை போடுவேன். ஊருக்குப் போனால் உறையை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், வாரம் ஒரு கரண்டிச் சர்க்கரையும் இஞ்சியும் போதும். திரும்பி வந்து இரண்டு நாள் வெளியில் வைத்துச் சோறு போட்டால் எழுந்துவிடும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். வீரமாங்குடி அச்சு வெல்லத்தில் செய்து பார்த்தேன். நிறம் அபாரம், ருசி பானகத்துக்குப் பக்கத்தில் போகும், ராமநவமிக்கு அருமையாக இருந்தது. கரைத்து இரண்டு தடவை வடிகட்டியாக வேண்டும், மண் இருக்கும். எனக்குச் சர்க்கரையில் செய்ததுதான் பிடிக்கிறது, இஞ்சி தெளிவாகத் தெரிகிறது. நன்னாரி சர்பத் ஊற்றுவதாக இருந்தால் அதிலுள்ள சர்க்கரையையும் 200 கிராம் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கொதித்த இஞ்சிச் சக்கையை எறிய அம்மா விட மாட்டார். மிளகாய், புளி, உளுந்து வறுத்துப் போட்டுத் துவையல் அரைத்துவிடுவார். சாரமெல்லாம் உன் பாட்டிலுக்குப் போயிட்டுதே என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு துண்டு புது இஞ்சியை அதில் தட்டிப் போடுவார். ஞாயிறு மதியம் தயிர் சாதத்துக்கு அதுதான்.