பழைய பள்ளிக்கூடத்தில் குடும்பக் கலைப் பட்டறை: வெயிலில் நீலநிறப் படம் அச்சிடுவது எப்படி?

மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்பட்ட கிராமப்புறப் பள்ளிக் கட்டடங்களில் சில, இன்று கலைக்கூடங்களாக மாறியிருக்கின்றன. அத்தகைய கட்டடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பங்கேற்கும் பட்டறை ஒன்றை முதன்முறையாக நடத்த முனைவோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். களிமண், சாயம், காகித வெட்டு என எதை வேண்டுமானாலும் அங்கே கற்பிக்கலாம். எனினும் முதல் பட்டறைக்கு நான் பரிந்துரைப்பது சயனோடைப் என்னும் நீலநிற அச்சு முறையைத்தான். படம் வரையச் சொன்னால், கை பழகிய பெரியவர் குழந்தையின் பென்சிலை வாங்கித் திருத்தத் தொடங்கிவிடுவார். பழகாதவரோ தனக்கு வரைய வராது என்று ஒதுங்கிக் கைப்பேசியோடு சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். இந்த அச்சு முறையில் வரையும் வேலை வெயிலுடையது. இலையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதில் ஆறு வயதுக் குழந்தைக்கும் அதன் பாட்டிக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

இம்முறையை 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளைத் தாளின் மேல் நேரடியாக வைத்து இம்முறையில் பதிவு செய்யத் தொடங்கினார். நாம் செய்யப்போவதும் அதையேதான். இரும்பு உப்பு பூசிய தாளின் மீது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், அந்த இரும்பு வேதிமாற்றம் அடைந்து, நீரில் கரையாத பிரஷ்ய நீலம் என்னும் நிறமியாகத் தாளிலேயே படிகிறது. பொருள் மறைத்த இடத்தில் மாற்றம் நிகழாததால், அங்குள்ள உப்பு நீரில் கரைந்து போய்விட, தாளின் வெண்மை மட்டும் எஞ்சுகிறது.

படி 1: கட்டடத்தை ஒழுங்கு செய்தல்

வேலைக்கு நான்கு இடங்கள் வேண்டும்: இருட்டறை, வெயில் விழும் முற்றம், கழுவுமிடம், உலர்த்தும் கொடி. இந்த வரிசையிலேயே குடும்பங்கள் ஒரே திசையில் நகரும்படி வழி அமைத்தால், ஈரத்தாளோடு வருபவர் பூச்சுத் தாளோடு போகிறவர் மீது மோத மாட்டார். பழைய வகுப்பறைகள் பலவற்றில், வலக்கையால் எழுதும் பிள்ளையின் கைநிழல் ஏட்டில் விழாதபடி ஒளி இடப்புறமிருந்து வருமாறு பெரிய சன்னல்கள் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும். படிப்புக்கு வசதியான அந்த ஒளியே நமக்கு இடையூறு. ஆகவே இருப்பதில் சிறிய அறையை, பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையை, இருட்டறையாகத் தேர்ந்தெடுத்துச் சன்னல்களைக் கனத்த கறுப்புத் துணியால் மூடுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, குறைந்த வாட் மஞ்சள் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும் அளவு வெளிச்சம் இருந்தால் போதும்.

பழைய சுவரில் வண்ணப்பூச்சு உரிந்திருந்தால், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய யாரையும் விடாதீர்கள். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அது பிள்ளைகளுக்குத் தீங்கானது. பரிசோதித்துச் சரிசெய்யும் வரை அந்த அறையைப் பூட்டி வைப்பதே நல்லது. சிறுவர் பெஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு நாற்காலிகள் போடுங்கள். முழங்கால் வலியோடு கலையை ரசிக்க முடியாது.

படி 2: கரைசல் தயாரித்தல்

இது முழுக்க அமைப்பாளரின் வேலை. முந்தைய நாளே, பிள்ளைகள் இல்லாதபோது முடித்துவிட வேண்டும். 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டை (பச்சை வகை) 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரிலும், 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடை வேறொரு 100 மில்லிலிட்டர் நீரிலும் கரைத்து, தனித்தனியாகப் பழுப்பு நிறப் புட்டிகளில் ஊற்றிப் பெயர் எழுதி வையுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை இவை பல மாதங்கள் கெடாமல் இருக்கும். கலந்த பிறகோ அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். ஏ4 தாள் ஒன்றுக்கு 2 முதல் 3 மில்லிலிட்டர் கலவை பிடிக்கும். ஆகவே பத்துக் குடும்பங்களுக்குத் தலா நான்கு தாள் என்றாலும் இந்த அளவு தாராளமாகப் போதும்.

ஃபெரிசயனைடு என்ற பெயரைப் படித்துப் பெற்றோர் அஞ்சக்கூடும். இச்சேர்மத்தில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் இதன் நச்சுத்தன்மை குறைவுதான். ஆனால் வலுவான அமிலம் பட்டாலோ மிகுதியாகச் சூடேறினாலோ நச்சு வாயு வெளிப்படும். கழிவறை கழுவும் அமிலத் திரவத்தைக் கரைசலுக்கு அருகில் வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றவும் கூடாது. பொடியை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். இதற்கென எடுத்த பாத்திரங்கள் மீண்டும் சமையலறைக்குப் போகக்கூடாது.

படி 3: தாளில் பூசுதல்

இரு கரைசல்களையும் சம அளவில் கலந்து, மங்கிய ஒளியில், ஸ்பாஞ்சு தூரிகையால் முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் மெல்லிதாகப் பூசுங்கள். இரும்பு வளையம் போட்ட தூரிகை வேண்டாம். கரைசல் அதோடு வினைபுரிந்து தாளில் நீலப் புள்ளிகளை உண்டாக்கும். தாள், நீரில் ஊறினாலும் கிழியாத நீர்வண்ணத் தாளாக இருக்கட்டும். பூசி உலர்ந்த தாள் மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்கும். கறுப்பு உறையில் போட்டு மூடுங்கள். உறையிலிருந்து எடுக்கும்போதே நீலம் தட்டியிருந்தால், அந்தத் தாளில் எங்கிருந்தோ ஒளி பட்டுவிட்டது என்று பொருள். அதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

படி 4: குடும்பம் சேர்ந்து அமைத்தல்

பட்டறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதற்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். பள்ளி வளாகத்தில் உதிர்ந்து கிடக்கும் இலை, இறகு, விதை, புல் ஆகியவற்றைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். பிறகு வெளிச்சமான அறையில், பூசாத வெள்ளைத் தாளின் மேல் அவற்றை அடுக்கிப் பார்க்கட்டும். இந்த ஒத்திகை இல்லாமல் நேரே இருட்டறைக்குள் அனுப்பினால், அவசரத்தில் பெரியவரே எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிடுவார். தாளோடு ஒட்டிப் படியும் இலை கூர்மையான விளிம்பைத் தரும். தூக்கி நிற்கும் காம்பு மங்கலாக விழும். ஓர் இலையின் கீழ்ப்பகுதி தாளோடு படிந்து, நுனி மட்டும் சற்றே தூக்கியிருந்தால், படத்தில் அந்நுனி பனியில் கரைவதுபோல் மறையும். பிள்ளைகள் இதை ஒருமுறை கண்டுவிட்டால், பிறகு வேண்டுமென்றே இலையை மடக்கி வைப்பார்கள்.

கைப்பதிவு வேண்டுமென்று எல்லாக் குழந்தைகளும் கேட்பார்கள். பூச்சுத் தாளின் மேல் கையை வைத்தால் தோலில் கறை படியும். அத்தனை நிமிடங்கள் அசையாமலிருக்கவும் அவர்களால் ஆகாது. அதற்குப் பதிலாக, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் குடும்பத்தார் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, உள்ளே கறுப்பு மார்க்கரால் அடர்த்தியாக நிரப்பச் சொல்லுங்கள். அந்தப் பிளாஸ்டிக் தாளையே பூச்சுத் தாளின் மேல் வைத்து அச்சிடலாம்.

ஒரு விதியை மட்டும் நான் கண்டிப்பாக வைப்பேன்: அடுக்குவது பிள்ளை, பிடித்துக்கொள்வது பெரியவர்.

படி 5: வெயிலில் காட்டுதல்

இருட்டறையில் பலகை, பூச்சுத் தாள், பொருள்கள், அவற்றின் மேல் ஆக்ரிலிக் தகடு என அடுக்கி, நான்கு ஓரங்களிலும் கிளிப் மாட்டி முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள். சாதாரணக் கண்ணாடி உடையும். பிள்ளைகள் இருக்குமிடத்தில் அது வேண்டாம். நல்ல உச்சி வெயிலில் 5 முதல் 15 நிமிடங்கள் போதும். மேகமூட்டமானால் அரை மணிக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைவிடத் தாளின் நிறத்தையே நம்புங்கள். இளம்பச்சை முதலில் நீலப்பச்சையாகும், பிறகு அடர் நீலமாகும், கடைசியில் வெண்கலச் சாயல் கலந்த சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். கெட்டுவிட்டதோ என்று பெற்றோர் கேட்கும் அந்தச் சாம்பல்தான் எடுக்க வேண்டிய தருணம். பள்ளி மணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், நேரம் முடிந்ததை அறிவிக்கும் வேலையை ஒரு குழந்தையிடம் கொடுங்கள். அடிக்கும் வாய்ப்புக்குப் பெரியவர்களும் போட்டியிடுவார்கள்.

படி 6: கழுவி உலர்த்துதல்

தாளை நிழலுக்குக் கொண்டுவந்து, பொருள்களை உதறிவிட்டு, நீர்த்தட்டில் மூழ்கவிடுங்கள். மஞ்சளாக நீர் வடிய, இலை இருந்த இடம் வெளுத்து வரும். நீரை மாற்றி மாற்றி, வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயல் அறவே போகும்வரை, குறைந்தது ஐந்து நிமிடம் அலச வேண்டும். இதில் சோம்பினால், எஞ்சிய உப்பு பின்னர் ஒளிபட்டு வெள்ளையையும் நீலமாக்கிவிடும். முழு நீலம் காற்றுபட்டு ஒரு நாளில் கூடிவரும். உடனே காட்ட விரும்பினால், அமைப்பாளர் கடைசி நீரில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிதளவு சேர்க்கலாம். பிறகு கொடியில் மாட்டுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மூன்று குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். நேரடி வெயில் விழும் சுவரில் மாட்டக்கூடாது. சோப்பு, சலவைச் சோடா போன்ற காரப் பொருள் பட்டால் நீலம் வெளுத்துவிடும். ஒளியில் மங்கிப்போன படத்தைச் சில நாள் இருட்டான அலமாரியில் வைத்தால், இழந்த நிறத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.