நின்றே வேலை பார்ப்பவர்கள் காலில் நரம்பு சுருட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ரங்கநாதன் தெரு துணிக்கடையில் நிற்பவர்கள், சலூனில் வேலை செய்பவர்கள், சிக்னலில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர்கள், இவர்களில் பலருக்கு ராத்திரி வீடு திரும்பும்போது கால் கனத்து, கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். அதை வெறும் அசதி என்று விட்டுவிடாதீர்கள், ரத்தம் கீழேயே தேங்குகிறது.

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனிக்குத் தடித்த சுவர், உள்ளே அழுத்தமும் அதிகம், அதனால் பாதம்வரை ரத்தம் வருவதில் சிரமமில்லை. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகிற அளவுக்குச் சின்னதான நுண்குழாய்களைத் தாண்டி, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைக்குள் (பேச்சில் நரம்பு என்று சொல்வது இதைத்தான்) வரும்போது அந்த அழுத்தம் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும், ஆனால் அங்கிருந்து நெஞ்சுவரை ஏறியாக வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது அது இறுகி சிரையைப் பிழிகிறது, மேலே போன ரத்தம் திரும்பி இறங்காதபடி உள்ளிருக்கும் வால்வுகள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி மூடிக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம், நடந்தால் 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வருஷக்கணக்கில் நின்றால் சிரை விரிந்து, வால்வு சரியாக மூடாமல், குழாய் சுருண்டு புடைக்கிறது, இதைத்தான் நரம்பு சுருட்டல் என்கிறோம்.

வால்வை நீங்களே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள், இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். மேலிருந்து ரத்தம் இறங்காது, நடுவில் கொஞ்ச தூரம் காலியாகவே கிடக்கும். வில்லியம் ஹார்வி 1628-இல் காட்டியது இதையேதான்.

சரி, என்ன செய்யலாம்? நின்ற இடத்திலேயே அரை மணிக்கொரு தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை போதும், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே செய்யலாம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அப்புறம், உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, ஸ்டூலை குடோனில் போட்டு வைக்காமல் கவுன்டர் பக்கத்திலேயே போடுவது முதலாளியின் கடமை. வீட்டில் கால் மணி நேரம் படுத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வையுங்கள்.

இறுக்கமான காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போடவேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ, கொஞ்சம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்தாலோ டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், தமனியில் அடைப்பு இருந்தால் அது கெடுதல்.

ஏற்கெனவே புடைத்தது பயிற்சியால் மறையாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் லேசரா வேறு சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள், சென்னை சென்ட்ரல் எதிரே ஜிஎச்சில் (அரசு பொது மருத்துவமனை) இதற்கென்றே ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்தாலோ புண் ஆறாமல் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கூடவே மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். புடைத்த இடம் வெடித்து ரத்தம் வந்தால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்கு ஆளை அழையுங்கள்.